பாறைக்கு என்ன நிறம்?

சென்ற பொங்கல் விழாவின்போது நம் பகுதிக் குழந்தைகள் தீட்டிய ஓவியங்களைச் சுவரில் ஒட்டும் பணி எனக்கு வாய்த்தது. முப்பதுக்கு மேற்பட்ட தாள்கள். ஒட்டி முடித்து, நாலடி பின்னே சென்று நோக்கியபோது திகைத்துப் போனேன். அத்தனையும் ஏறக்குறைய ஒரே ஓவியம்! முக்கோணமாக இரண்டு மலைகள். அவற்றின் இடுக்கில் ஆரக்கால் வைத்த சக்கரம் போன்ற ஞாயிறு. மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் நீல ஆறு. ஆற்றங்கரையில் ஓலைக் குடிசை. குடிசைக்குக் காவலாக ஒரு தென்னை. வானில் பறக்கும் காக்கைகளைக்கூட எல்லாரும் ஒரே தினுசாகவே வரைந்திருந்தனர்.

அன்பர்களே, போவன்பள்ளியில் இப்படியொரு காட்சி எங்கே உள்ளது? மலை இடுக்கில் ஞாயிறு எழுவதை நம் குழந்தைகளுள் எவர் கண்டார்? ஓலைக் குடிசையில் எவர் உறங்கினார்? நாள்தோறும் பள்ளி வண்டியின் சன்னல் வழியே அவர்கள் காண்பவை வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக எவரோ அடுக்கி வைத்துவிட்டுப் போனாற்போல நிற்கும் உருண்டைப் பாறைகள், அவற்றின் இடுக்குகளில் முளைத்த சீதாப்பழச் செடிகள், செம்மண் மேடுகள், ஒற்றைப் பனைகள். இந்தப் பாறைகளில் ஒன்றுகூட அந்த முப்பது தாள்களில் இடம் பெறவில்லை.

என் அருகில் நின்ற பெரியவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; இந்நகரில் பல்லாண்டுகள் சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் அவரை ஓவியத் தாத்தா என்பார்கள். அவர் சிரித்தார். “குழந்தைகள்மேல் பிழை இல்லை ஐயா. காலண்டரில் பார்த்ததையும், நாம் கையைப் பிடித்து வரையக் கற்பித்ததையும் அவர்கள் மறவாமல் ஒப்பித்திருக்கிறார்கள். கண்ணால் கண்டதை வரையுங்கள் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லையே! மூன்று ஞாயிற்றுக்கிழமை இவர்களை என்னோடு வெளியே அனுப்புங்கள். கூடவே நீங்களும் வாருங்கள்” என்றார்.

அவ்வாறு தொடங்கியதுதான் எங்கள் பயண ஓவியப் பயிற்சி. பதினான்கு குழந்தைகள், ஐந்து பெற்றோர், ஒரு பாட்டி, ஒரு வாடகை வண்டி. எனக்கு நேர்கோடு போடவும் வராது. ஆயினும் ஆளுக்கொரு வண்ணப்பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்று தாத்தா கட்டளையிட்டுவிட்டார்.

வண்டி புறப்படுமுன் அவர் விதித்த விதிகள் விந்தையானவை. பெரிய தாள் கூடாது. அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய துண்டுத் தாள்தான். பென்சில் கூடாது. அழிப்பான் கூடவே கூடாது. ஒரு தாளுக்கு 25 நிமிடம். மணி அடித்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். மேலும், சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற சட்டைகள் அணிந்து வரலாகாது. சட்டையின் நிறம் வெயிலில் தாளின்மேல் தெறித்து, தீட்டும் நிறத்தையே மாற்றிவிடுமாம். தாளையும் வெயிலில் வைக்கக் கூடாது. வெண்மை கண்ணைக் கூசச் செய்யும், அந்தக் கூச்சத்தில் வண்ணங்களை அளவுக்கு மீறி அடர்த்தியாகப் பூசிவிடுவோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓவியம் இருண்டு கிடக்கும். இவற்றையெல்லாம் கேட்டபோது மிகையாகத் தோன்றிற்று. முதல் நாளே இரண்டையும் மீறிப் பார்த்தேன், இரண்டும் மெய்யே.

முதல் ஞாயிறு அஸ்மத்பேட்டை ஏரிக்குச் சென்றோம். போயின் செருவு என்றும் அதற்குப் பெயருண்டு. நம் வீடுகளிலிருந்து கூப்பிடு தொலைவுதான். ஆயினும் எங்களுள் பாதிப்பேர் அதன் கரையில் கால் வைத்தது அன்றுதான். அஸ்மத்பேட்டையில் பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் உள்ளன என்பதை அறிவோர் நம்மில் சிலரே. இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்களை வட்டமாக நட்ட வழக்கம் நம் தமிழ்நாட்டிலும் இருந்ததன்றோ? ஏரியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வதானால், நீர் தெளிவாக இல்லை. ஒரு புறம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. கொசுக்களும் எங்கள் பயிற்சியில் ஆர்வத்தோடு கலந்துகொண்டன. “அழகிய இடத்தைத் தேடாதீர்கள், ஒளி விழும் இடத்தைத் தேடுங்கள்” என்று சொல்லிவிட்டு, கரைக்கு அப்பால் ஒரு காலி மனையில் இருந்த பாறைக் குவியலின் முன் எங்களை அமர்த்தினார் தாத்தா.

குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் கறுப்பு வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்தனர். பாறை கறுப்பு, இதில் யோசிக்க என்ன உண்டு? தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிற அட்டை ஒன்றை எடுத்தார். அதன் நடுவே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு துளை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அத்துளை வழியே பாறையின் வெயில் பட்ட பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்.

“என்ன நிறம்?”

“பா... ரோஸ் மாதிரி இருக்கு தாத்தா. கொஞ்சம் ஆரஞ்சு.”

“நிழல் பக்கம்?”

சிறுமி நெடுநேரம் பார்த்தாள். “ஊதா” என்றாள் மெல்ல, தவறு செய்துவிட்டவள் போல.

அருகிலிருந்த அவள் தந்தைக்குப் பொறுக்கவில்லை. “என்ன சார் இது, பாறை எங்காவது ஊதாவாக இருக்குமா? பள்ளிக்கூடத்தில் இப்படித் தீட்டினால் மதிப்பெண் போடுவார்களா?” என்றார். அவர் குறை சொல்லும் நோக்கத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். தாத்தா அந்த அட்டையை அவர் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்கள் தம்பி” என்றார். அவர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இங்கே சற்று நின்று, பாறை ஊதாவாகத் தோன்றுவானேன் என்பதைக் கூறிவிடுதல் நலம். வெயில் படும் பக்கத்துக்கு ஒளி தருவது ஞாயிறு. மாலையில் அவ்வொளி பொன்னிறமாகச் சாய்கிறது. வெயில் படாத பக்கம் முற்றிலும் இருண்டு போவதில்லை. அதற்கு ஒளி தருவது வானம். நீல வானின் ஒளி நீலந்தானே? எனவே நிழலில் நீலம் ஏறுகிறது. பாறையின் அடிவயிற்றைப் பார்த்தால் அங்கே வேறொரு நிறம்: தரையிலுள்ள செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கே ஒரு செம்மையைப் பூசுகிறது. ஒரே பாறையின் நிழலிலேயே இவ்வாறு இரண்டு மூன்று நிறங்கள்! இவற்றோடு நம் கண்ணும் ஒரு வேலை செய்கிறது. ஆரஞ்சு நிறத்துக்குப் பக்கத்திலுள்ள சாம்பல் நிறம் சற்றே நீலமாகத் தோன்றும். பாரிசு நகரின் கோபெலான் நெசவுச் சாலையில் சாயப் பகுதியை மேற்பார்த்த செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று வந்த முறையீட்டை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் உள்ளது என்று கண்டாராம். காஞ்சியிலும் சேலத்திலும் தறிப் பழக்கமுள்ள குடும்பத்தினருக்கு இது புதிய செய்தியாக இராது.

நம் பாறையின் இயல்பு நிறமும் கறுப்பு அன்று. தக்காணத்தின் இக்கருங்கற்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பெயரில்தான் கருங்கல், புதிதாக உடைந்த பரப்பை உற்று நோக்கினால் இளஞ்சிவப்பும் வெண்சாம்பலும் மினுக்கமும் கலந்திருக்கும். நிலத்தடியில் விரிசல் கண்டு, நீர் புகுந்து, மூலைகள் முதலில் உதிர்ந்து உதிர்ந்தே இவை உருண்டை வடிவம் பெற்றன. மேலிருந்த மண் அரித்துப்போன பின்பு அடுக்கிய உருண்டைகளாக வெளிப்பட்டு நிற்கின்றன. யாரும் தூக்கி அடுக்கவில்லை.

நிறப் பயிற்சி என்பது ஓவியம் அன்று. இதை உணர எனக்கு இரண்டு ஞாயிறுகள் வேண்டியிருந்தன. இலை, சன்னல், மூக்கு, விழி எவையும் இதில் வேண்டா. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து நாலைந்து நிறத் திட்டுகள் மட்டுமே எஞ்சும். வானம் ஒரு திட்டு, தரை ஒரு திட்டு, ஒளி ஒன்று, நிழல் ஒன்று. அத்திட்டுகளுள் எது மிக வெளிச்சம், எது மிக இருள், எது சிவப்பை நோக்கிச் சாய்கிறது, எது நீலத்தை நோக்கிச் சாய்கிறது என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தாளில் வைப்பதே வேலை. முடிந்ததும் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்க வேண்டும்.

இம்முறை வளர்ந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஆம்ஸ்டெட் மேட்டில் அமர்ந்து மேகங்களை மட்டும் மீண்டும் மீண்டும் தீட்டினார். தாளின் பின்புறத்தில் நாள், மணி, காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்தும் வைத்தார். அக்காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. 1841-இல் ஜான் ராண்டு என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடித்த பிறகே வெளியில் சென்று தீட்டுதல் எளிதாயிற்று. பிரான்சில் மோனே, 1890-இலும் அடுத்த ஆண்டிலும் தம் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களை ஏறக்குறைய இருபத்தைந்து முறை தீட்டினார். ஒளி மாற மாற ஒரு சீலையை வைத்துவிட்டு மறு சீலையை எடுப்பார். போர் ஒன்றுதான்; பொழுதுதான் வேறு.

பயணப் பயிற்சியாக இதை நடத்தியவர்களுள் ஆத்தோர்ன் என்பவரைத் தாத்தா பெரிதும் போற்றினார். அவர் 1899-இல் அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுன் என்ற மீனவர் ஊரில் கோடைகால ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கடற்கரை வெயிலில் ஒருவரை நிற்க வைத்து, தொப்பி நிழல் விழும் அம்முகத்தைத் தீட்டச் சொல்வார். மாணவர் கையில் தூரிகை இராது. மக்குப் பூசும் தட்டைக் கத்திதான் இருக்கும். கத்தியால் மூக்கும் விழியும் வரைய இயலாதே! நிறத் திட்டுகளைத்தான் அப்ப இயலும். அப்படிப் பிறந்த முகங்களுக்குச் ‘சேற்றுத் தலைகள்’ என்றே கேலிப்பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் முதல் நாள் தாள்களைப் பார்த்திருந்தால் ஆத்தோர்ன் மகிழ்ந்திருப்பார். அத்தனையும் சேறு!

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1850-இல் அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவர் நிறுவிய ஓவியப் பள்ளிக்கு, 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைவரானார். அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த பணிக்கர், தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். 1936-இல்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தென்னையும் கால்வாயும் நிறைந்த கேரள நிலத்தை நீர்வண்ணத்தில் தீட்டியதே அவருடைய இளமைக்கால ஓவியங்களின் சிறப்பு. பின்னாளில் அப்பள்ளியின் தலைவராகி, 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்ற முதற்காரணமாக இருந்தவரும் அவரே. அலுவலக வேலையிலிருந்து வந்தவர் என்ற செய்தியைத் தாத்தா சொன்னபோது, ஊதாப் பாறைச் சிறுமியின் தந்தை நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

இரண்டாம் ஞாயிறு மௌலா அலி. உச்சியில் தர்காவைத் தாங்கிய அந்த மொட்டைப் பாறைமலையைத் தொலைவிலிருந்து காணாதார் செகந்தராபாத்தில் இல்லை. அன்று பெருமை கொண்டவர் எங்களோடு வந்த பாட்டி. நாமக்கல் பக்கத்துக்காரர், மகன் வீட்டோடு இங்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் ஊர் நினைவு மாறாதவர். மலையடிப் புதரில் மஞ்சளாகப் பூத்திருந்த ஒரு செடியைக் கண்டதும் அவர் நடை நின்றது.

“அடடே, இது ஆவாரம்பூ அல்லவா? காப்புக் கட்டுக்கு நான் ஆறு வருசமாக இதைத் தேடுகிறேனே! மருமகள் கிடைக்காது என்று சொல்லிவிட்டாள்.”

வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரையும் சேர்த்துப் பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக் கூரையில் செருகும் வழக்கம் அவர் ஊரில் உண்டு. அவ்வழியே சென்ற உள்ளூர் அம்மையார் ஒருவர் நாங்கள் பூவைச் சுற்றி நிற்பதைக் கண்டு, “தங்கேடு” என்றார். பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கடுக்காக வைத்துப் பாடி ஆடும் பூ அது. தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே. ஆவிரை எனக் குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்ற பூ. ஆறு ஆண்டுகளாகக் கிடைக்காத பூ அரை மணிப் பயணத்தில் கிடைத்தது.

குழந்தைகள் அப்பூவைத் தீட்ட முற்பட்டு, மஞ்சளை மேலும் மேலும் அப்பினர். பூ பளிச்சிடவே இல்லை. தாத்தா ஒரு தாளை வாங்கி, மஞ்சளைத் தொடாமலே, சுற்றியிருந்த பச்சையிலும் பாறையிலும் சிறிது ஊதாவைக் கலந்து மங்கச் செய்தார். உடனே மஞ்சள் எரிந்தது! மாயம் போலத்தான் இருந்தது. பாட்டியோ அந்த மாயத்தில் மயங்கவில்லை. தம் இளமையில் ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். அவற்றை வரைந்த சில்பி அவர் ஊர்க்காரர். 1919-இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன். ஊர் ஊராகக் கோயில்களுக்குச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து, நேரில் கண்டே வரைந்தவர். “பார்த்து வரைந்தால்தான் சாமி சாமியாக இருக்கும்” என்பது பாட்டியின் தீர்ப்பு. செவ்ரல் வேண்டா, மோனே வேண்டா. இந்த ஒரு வாக்கியத்தால் குழந்தைகளுக்கு விளங்கிவிட்டது.

மதிய உணவின்போது ஒருவர், “கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் சாவகாசமாகத் தீட்டினால் என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எடுத்தும் பார்த்தோம். பாறையின் வெயில் பக்கம் சரியாக விழுந்த படத்தில் நிழல் கறுத்துப் போயிற்று. நிழல் தெரிந்த படத்தில் வானம் வெளுத்துவிட்டது. வேறொரு கைப்பேசியோ யாரும் கேளாமலே வானத்தைக் கடும் நீலமாக்கித் தந்தது. நம் கண் இரண்டையும் ஒருங்கே காண்கிறது. படத்தை வைத்துத் தீட்டினால் மறுபடியும் கறுப்புப் பாறைக்கே திரும்பிவிடுவோம்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே கூறினார். ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தவர் நம் முன்னோர். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது, பொழுதை எதற்கு நிலத்தோடு முடிச்சுப் போட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அன்று மௌலா அலியில் பகல் 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரே இடத்தில் அமர்ந்து இரண்டு தாள்கள் தீட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எவரும் ஒரே மலை என்று சொல்லார். தீட்டியவன் திறமைக் குறைவும் அதற்கொரு காரணம்; ஆயினும் பெரும் காரணம் பொழுதே.

மூன்றாம் ஞாயிறு போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையின் அருகே கழிந்தது. அதைப் பற்றி மிகுதியாக எழுதுவதற்கில்லை. தக்காளிக் குவியலும் பச்சை மிளகாய் மூட்டையும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் 25 நிமிடம் அசையாமல் நிற்கும் தக்காளி அச்சந்தையில் இல்லை. பாதி தீட்டுமுன் விற்றுவிடுகிறது. அங்கே குப்பையாகும் காய்கறிகளிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதைக் குழந்தைகள் அன்று அறிந்துகொண்டதே மிச்சம்.

மெய்யான சோதனை கோடை விடுமுறையில் வந்தது. வழக்கம்போலக் குடும்பங்கள் ஊருக்குப் புறப்பட்டன. தாத்தா ஒவ்வொரு குழந்தையிடமும் ஆறு வெற்றுத் தாள்களைக் கொடுத்து, “உன் அப்பா பிறந்த ஊரின் வானத்தைத் தீட்டிக்கொண்டு வா. தென்னை வேண்டா, கோபுரம் வேண்டா, வானமும் தரையும் போதும்” என்றார். சூன் மாதம் அத்தாள்கள் திரும்பி வந்தபோது நாங்கள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் அவற்றைப் பரப்பினோம். நாகப்பட்டினத்து வானம் பாலில் சிறிது நீலம் கலந்தாற்போல வெளுத்திருந்தது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் ஒளியைச் சிதறடிக்கும். போவன்பள்ளி கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. மழைக்குப் பின்வரும் நாட்களில் இங்கே வானம் அழுத்தமான நீலம். திருநெல்வேலித் தேரிமண்ணைத் தீட்டிய ஒரு பையன், தன் பெட்டியிலிருந்த செங்காவி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று முறையிட்டான். தஞ்சைக்குப் போனவளோ, “அங்கே வயல் அறுத்துவிட்டார்கள், பச்சையே இல்லை, எல்லாம் மஞ்சள்” என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். அவள் தந்தையின் நினைவில் தஞ்சை என்றும் பச்சையாகவே இருக்கிறது. கோடையில் மட்டும் ஊருக்குப் போகிற பெண்ணுக்கு அது மஞ்சள் ஊர். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

நாம் இந்நகருக்கு வந்தவர்கள். 1806-இல் செகந்தராபாத் படைப்பாளையம் அமைந்த காலத்தில் சென்னைப் படையோடு தமிழர் இங்கு வந்தனர்; இன்று கணினி வேலைக்கு வருகிறார்கள். எந்தக் காலத்தில் வந்தவராயினும், வீட்டுச் சுவரில் ஊர் ஓவியத்தையே மாட்டுகிறோம். அது இயல்பே. ஆனால் இங்கே பிறந்த குழந்தைக்கு, காணாத ஊரைக் காலண்டரிலிருந்தும், கண்ட ஊரைக் காணாமலும் வளர்க்கிறோமே என்ற எண்ணம் அந்த மொட்டை மாடியில் என்னைச் சுட்டது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூலை மாதம் அஸ்மத்பேட்டையில் நாங்கள் முதன்முதலாக அமர்ந்த அந்தக் காலி மனைக்கு மறுபடியும் சென்றோம். பாறைக் குவியலில் பாதி இல்லை. அடித்தளம் தோண்டியிருந்தனர், உடைத்த கல் ஒருபுறம் சல்லியாகக் குவிந்திருந்தது. வீடு கட்டுவோரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் குடியிருக்கும் வீடும் ஏதோ ஒரு பாறை நின்ற இடத்தில்தான் இருக்கிறது. இந்நகரில் 1996-இல் பாறைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றி, எஞ்சியவற்றை மக்களுக்கு நடந்து காட்டி வருகிறது. ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காளான் பாறை போன்றவை அவ்வகையில் பெயர் பெற்றவை. பெயரில்லாத பாறைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் குவியலின் மாலை நிறம் இப்போது பதினான்கு குழந்தைகளின் சேற்றுத் தாள்களில் மட்டுமே உள்ளது. தாத்தா அன்று ஒவ்வொரு தாளின் பின்னும் இடமும் நாளும் மணியும் எழுதச் செய்தார். “போவன்பள்ளி ஏரிக்கரை, மாலை 5.20, காற்று இல்லை, கொசு உண்டு” என்பது ஊதாப் பாறைச் சிறுமியின் குறிப்பு.

சேர விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: வண்ணங்கள் ஐந்தாறு போதும். அல்ட்ராமரீன் நீலம், எலுமிச்சை மஞ்சள், மஞ்சட்காவி, செங்காவி, அலிசரின் சிவப்பு, விரும்பினால் ஒரு பச்சை. கறுப்பை வீட்டிலேயே வைத்துவிடுக; நீலத்தையும் செங்காவியையும் கலந்தால் அதைவிட நல்ல இருள் கிடைக்கும். நீர்வண்ணம் உலர்ந்தால் ஒரு படி வெளிறும். ஏப்ரல் வெயிலில் தூரிகை தாளைத் தொடுமுன்னே உலர்ந்துவிடும். ஆகையால் குளிர்காலமே ஏற்றது. தொப்பி, குடிநீர், தூரிகை கழுவ வேறு நீர். இரண்டு புட்டிகளையும் மாற்றிக் குடித்துவிட்ட ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவர் பெயரை வெளியிடுவதற்கில்லை, இக்கட்டுரையை எழுதுபவர் அவரே.

அடுத்த முறை புறப்பட்டபோது அச்சிறுமியின் தந்தையும் கையில் புதிய வண்ணப்பெட்டியோடு வந்து வண்டியில் ஏறினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாறைக்கு முன்னே தனியாக ஒரு மூலையில் அமர்ந்து, முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு தீட்டினார். மணி அடித்ததும் மகள் ஓடிச் சென்று எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, கறுப்பா இருக்கே!”

“இரு, இரு. இன்னும் நிழலுக்குப் போகவில்லை” என்று சொல்லிவிட்டு, மகளிடமிருந்த துளை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.